மினாங்கபாவின் வயலும் நம் மகளிரின் பங்கும்

தாம்பரத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்திற்கும் அப்பால் அமைந்த ஊர் கூடுவாஞ்சேரி. ஏரி நீரை நம்பி நெல் விளைவித்த நிலங்கள் சூழ இருந்த அவ்வூர், 2021ஆம் ஆண்டில் நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சி ஆயிற்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. வரப்பு இருந்த இடத்தில் இன்று எல்லைக்கல் நிற்கிறது. காணியென்றும் குழியென்றும் அளந்த மண்ணைச் சென்ட் என்றும் கிரவுண்டு என்றும் அளக்கின்றோம்.

நிலம் மனையாகும்போது பத்திரம் பேசத் தொடங்குகிறது. வாங்குவோர் தாய்ப்பத்திரம் கேட்பர். வில்லங்கச் சான்று கேட்பர். வாரிசுச் சான்றிதழ் கேட்பர். அச்சான்றிதழில் ஆண்மக்களோடு பெண்மக்களின் பெயரும் இருக்கும். அப்பொழுதுதான் நம் குடும்பங்கள் சிலவற்றில், என்றோ மணமுடித்துப் போன சகோதரிமார்க்கு அழைப்புச் செல்கிறது. நெல் அளந்த நாட்களில் நினைவுக்கு வராத சகோதரி, பத்திரம் எழுதும் நாளில் நினைவுக்கு வருகிறாள். பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் ஒன்றில் கையொப்பமிட்டு, அன்று ஆக்கிய பிரியாணியை உண்டு, ஒரு சேலையோடு ஊர் திரும்புகிறாள். அந்த மண்ணின் அன்றைய விலை என்ன, அதில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவளிடம் கூறியவர் உண்டா? அவள்தான் கேட்டாளா?

இவ்வினாவை நெஞ்சிற் கொண்டு, நம்மைப்போலவே நெல் விளைவிக்கும் மக்களும், நம்மில் பலரைப்போல ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்களும் வாழ்கின்ற ஒரு நாட்டின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். அந்நாட்டில் வயல் மகனுடையதன்று, மகளுடையது. அதனை மார்க்கத்தோடு எவ்வாறு பொருத்துவது என்று அம்மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வாதாடினர்.

மலைநாட்டுக் கிராமம்

இந்தோனேஷியாவின் சுமத்திராத் தீவில், மேற்குக் கரையை ஒட்டி நெடுகிலும் நிற்பது புக்கிட் பாரிசான் மலைத்தொடர். அதன் நடுவே மராப்பி, சிங்கலாங் முதலிய எரிமலைகளின் அடிவாரத்தில் அமைந்த பள்ளத்தாக்குகளே மினாங்கபாவ் மக்களின் தாயகம். அகாம், தானா தாத்தார், லிமாபுலு கோத்தா என்னும் மூன்று பகுதிகளாக அதனை அம்மக்கள் வகுத்துள்ளனர். 2010ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தோனேஷியாவில் இவ்வினத்தார் 64 இலட்சத்திற்கும் மேற்பட்டவர். தாய்வழி மரபைப் பேணும் மக்களுள் உலகிலேயே இவர்கள்தாம் பெருந்தொகையினர்.

அவர்களுடைய ஊருக்கு ‘நகரி’ என்று பெயர். பெயரில் நகரமாயினும் வாழ்வில் அது கிராமமே. ஒவ்வொரு நகரிக்கும் தனக்கென ஒரு பள்ளிவாசலும், ஊர் மன்றமும், படிப்படியாக மலைச்சரிவில் இறங்கும் வயல்களும் உண்டு. ஊரார் ‘சுக்கு’ எனப்படும் தாய்வழிக் குலங்களாகப் பிரிந்திருப்பர். கோத்தோ, பிலியாங், போடி, சானியாகோ என்பன பழம்பெருங் குலங்கள். குழந்தை தாயின் குலத்தைச் சேரும். ஒரே குலத்துக்குள் மணவினை இல்லை.

குலத்தின் வாழ்வுக்கு நடுநாயகம் ‘ருமா கடாங்’ எனப்படும் பெரிய வீடு. எருமைக் கொம்பைப்போல் இரு முனைகளும் வானோக்கி வளைந்த கூரை. தூண்கள்மேல் உயர்த்திய மரத்தளம். முன்னே நீண்ட பொதுக்கூடம். பின்னே வரிசையாய்ச் சிற்றறைகள். மணமான மகள் ஒவ்வொருத்திக்கும் ஓர் அறை. கணவன் அவ்வறைக்கு வந்து செல்லும் விருந்தாளி போன்றவன். பகலில் தன் தாய் அல்லது சகோதரியின் வயலில் அவனுக்கு வேலை இருக்கும். வீட்டின் முன்னே ‘ரங்கியாங்’ எனப்படும் நெற்களஞ்சியங்கள் நிற்கும். நம் நாட்டுக் குதிரை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து, அதற்கும் ஓர் அழகிய கூரை வேய்ந்தாற்போன்றது அது.

இந்நாடு நமக்கு முற்றிலும் அயல்நாடு அன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில், வடக்கே பாருஸ் துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில், 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுவியது அது. மினாங்கபாவ் நாட்டின் தலைத் துறைமுகமாகிய பாடாங் நகரில், நம் நாட்டிலிருந்து சென்ற முஸ்லிம்கள் வழிவந்தோரின் பள்ளிவாசல் இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் முதல் பிறையன்று, அங்கே சீனியைச் சிறு துணிகளில் முடிந்து கூட்டத்தின்மீது இறைப்பர். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நிகழும் விழா அது. நாகூரில் கந்தூரிக் கொடி ஏறுவதும் அந்தப் பிறையிலேதான்.

வயல் யாருடையது?

மினாங்கபாவ் சொத்து இருவகைப்படும். முன்னோர் காடு திருத்தி, நீர் கொணர்ந்து, தலைமுறை தலைமுறையாக வந்த வயலும் வீடும் ‘உயர் பூசாக்கா’. ஒருவர் தம் காலத்தில் உழைத்து ஈட்டியது ‘பெஞ்சாரியான்’, அதாவது தேடிய சொத்து. இவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்ந்தாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

உயர் பூசாக்கா தனி ஒருவருக்கு உரியதன்று. தாயிடமிருந்து மகளிர்க்கு, அவர்களிடமிருந்து அவர்தம் மகளிர்க்கு எனப் பயிர்செய்யும் உரிமையே கைமாறும். நிலம் குலத்தோடு நிற்கும். விற்பது கூடாது. ஒற்றிவைப்பதாயினும் நான்கு காரணங்களுக்கே மரபு இடங்கொடுக்கும்: வளர்ந்த குமரை மணமுடித்துக் கொடுக்க வழியில்லாதபோது, வீட்டில் மையித்து கிடக்க அடக்கச் செலவுக்குப் பொருளில்லாதபோது, பெரிய வீட்டின் கூரை ஒழுகும்போது, குலத்தலைவர் பதவி வெறுமையாய்க் கிடக்க, அதனை நிரப்பும் சடங்குக்குப் பணமில்லாதபோது. இந்நான்கினுள் வாணிப நட்டமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. குமரும் மையித்தும் கூரையும் மானமும் மட்டுமே மண்ணைத் தொடலாம் என்று அம்மக்கள் வரையறுத்தனர்.

நிலம் பெண்ணுக்கு உரியதாயினும் அதனைக் காக்கும் பொறுப்புத் தாயின் உடன்பிறந்தானுக்கு உரியது. அவனை ‘மாமாக்’ என்பர். நம் செவிக்கு அச்சொல் மாமா என்றே ஒலிக்கும். தன் பிள்ளைகளைக் காட்டிலும் தன் சகோதரியின் பிள்ளைகள்மீதே அவனுக்குப் பொறுப்பு அதிகம். ‘பெங்ஹுலு’ எனப்படும் குலத்தலைமையும், ‘தாத்துக்’ என்னும் பட்டமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லா. தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கே செல்லும்.

மகன் போன வழி

வயல் மகளுடையதாயின் மகனுக்கு என்ன உண்டு? அவனுக்கு வழி உண்டு.

அந்த மரபில் ஆண்பிள்ளைக்குப் பெரிய வீட்டில் அறை இல்லை. ஓதும் பருவம் வந்ததும் இரவில் அவன் ‘சுராவ்’ எனப்படும் தொழுகைக் கூடத்தில் படுத்துறங்குவான். குர்ஆன் ஓதுவதும், சிலம்பம் போன்ற ‘சீலாத்’ பயில்வதும், ஊர்திரும்பிய பயணிகளின் கதைகளைக் கேட்பதும் அங்கேதான். பின்னர் ஒருநாள் அவனும் புறப்படுவான். தாயகத்துக்கு வெளியேயுள்ள கரைநாடு ‘ரந்தாவ்’ எனப்படும். அங்குச் சென்று பொருளும் கல்வியும் தேடுவது ‘மெரந்தாவ்’. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலும் மலைப்பாதைகளே அவர்களுக்கு வழி. பொன்னும் மிளகும் காப்பியும் மனிதர் முதுகிலும் பொதிகுதிரைகளிலும் கடற்கரைக்கு இறங்கின. உப்பும் துணியும் மேலேறின. 1890களின் தொடக்கத்தில் டச்சுக்காரர் பாடாங்கிலிருந்து மலைமேல் இருப்புப்பாதை போட்டனர். செங்குத்தான இடங்களில் வண்டி பற்சக்கரத்தைப் பற்றி ஏறிற்று. அவர்கள் எண்ணியது நிலக்கரியையும் காப்பியையும் கீழே கொண்டுவர. அதே வண்டியில் மினாங்கபாவ் இளைஞரும் உலகத்திற்கு இறங்கிவந்தனர்.

டச்சு ஆட்சி 1847ஆம் ஆண்டு முதல் காப்பியைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. 1908ஆம் ஆண்டில் அம்முறையை நீக்கிப் பணவரி விதித்தபொழுது, ஜூன் மாதம் காமாங் என்னும் ஊரில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து இரத்தம் சிந்தினர். விடுதலைக்குப்பின், 1958ஆம் ஆண்டு மேற்குச் சுமத்திராவில் மூண்ட கிளர்ச்சியை ஜகார்த்தா அரசு அடக்கியபோது, பல்லாயிரவர் ஊரைவிட்டு ஜாவாவுக்குச் சென்றனர். இன்று இந்தோனேஷியாவின் எந்தப் பட்டணத்திலும் பாடாங் உணவகம் இல்லாத தெரு அரிது. ஆண்கள் எங்கிருப்பினும் ஊரில் ஒரு வீடு எரிவிளக்கோடு இருந்தது, அவ்வீடு தாயினுடையது.

இதனைப் படிக்கும் காயல்பட்டினத்து வாசகர்களும் கீழக்கரை வாசகர்களும் புன்முறுவல் பூப்பர் என்பதை அறிவோம். கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் ஆண்கள் கப்பலேறிய அவ்வூர்களில், வீடு பெண்ணுக்கே எழுதப்பட்டது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்ந்தார். கடலோடும் மக்களும் மலையிறங்கும் மக்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்: போகிறவனுக்கு வழியைக் கொடு, இருப்பவளுக்குக் கூரையைக் கொடு.

மார்க்கமும் வழக்காறும்

எனினும் முஸ்லிம் ஒருவர்க்கு இங்கே ஒரு முட்டுப்பாடு உண்டு. அந்நிஸா அத்தியாயம், இறந்தோர் விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பெண்ணுக்கும், அது சிறிதாயினும் பெரிதாயினும், வரையறுத்த பங்கு உண்டென்று பகர்கிறது. மகளுக்கு ஒரு பங்கெனில் மகனுக்கு இரு பங்கு. தாய், தந்தை, கணவன், மனைவி ஆகியோர்க்கும் பங்குகள் உண்டு. மகனை விலக்கி மகளுக்கே முழு நிலமும் செல்வது அவ்விதிக்கு எவ்வாறு பொருந்தும்?

1803ஆம் ஆண்டு, ஹாஜி மிஸ்கின், ஹாஜி சுமானிக், ஹாஜி பியோபாங் என்னும் மூவர் மக்காவிலிருந்து ஊர் திரும்பினர். அவர்கள் மூட்டிய சீர்திருத்தக் கனல் ‘பாதிரி இயக்கம்’ எனப் பெயர்பெற்றது. சேவற்சண்டையையும் சூதையும் கள்ளையும் எதிர்த்து எழுந்த இயக்கம், வழக்காற்றுத் தலைவர்களோடு வாளெடுக்கும் போராக முற்றிற்று. தோற்ற தரப்பினர் 1821ஆம் ஆண்டில் டச்சுக்காரரை உதவிக்கு அழைத்தனர். உதவிக்கு வந்தவர் உடைமைக்காரர் ஆயினர். வீட்டுப் பூசலுக்கு அயலானை நடுவனாக்கியோர் அடைந்த பயனை நம் நாட்டு வரலாறும் நன்கு அறியும். இறுதியில் இரு தரப்பும் சேர்ந்தே டச்சுக்காரரை எதிர்த்தன. 1837ஆம் ஆண்டு போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. துவாங்கு இமாம் போஞ்சோல் நாடுகடத்தப்பட்டு, 1864ஆம் ஆண்டு சுலாவேசித் தீவின் மனாடோவை அடுத்த சிற்றூரில் மறைந்தார். வழக்காறும் மார்க்கமும் இசைந்து நடப்பதே நலம் என்னும் முடிவுக்கு அவர் பின்னாளில் வந்தார் என்று அவர் பெயரால் வழங்கும் நினைவுக்குறிப்பு கூறுகிறது. வழக்காறு ஷரீஅத்தின்மேல் நிற்கிறது, ஷரீஅத் இறைமறையின்மேல் நிற்கிறது என்னும் முதுமொழியை அந்நாட்டார் இன்றும் போற்றுகின்றனர்.

முதுமொழி சொல்வது எளிது. வயலைப் பங்கிடுவது அரிது. அகாம் பகுதியில் 1860ஆம் ஆண்டு பிறந்த ஷெய்கு அஹ்மத் கதீப், மக்காவின் மஸ்ஜிதுல் ஹராமில் ஷாஃபிஈ இமாமாக உயர்ந்தவர். முஹம்மதிய்யா இயக்கம் கண்ட அஹ்மத் தஹ்லானும், நஹ்தத்துல் உலமா கண்ட ஹாஷிம் அஷ்அரியும் அவரிடம் ஓதியவர்கள். அப்பெருந்தகை தம் தாய்நாட்டுத் தாய்வழிச் சொத்துமுறையைக் கடுமையாகச் சாடினார். வாரிசுகளின் பங்கை மறுப்பது அபகரிப்பு என்று எழுதினார். 1916ஆம் ஆண்டு மக்காவிலேயே மறைந்தார்.

அவருடைய மாணவர்களுள் ஒருவரான ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் வேறொரு வழி கண்டார். கைபரில் உமர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நம் வாசகர்கள் அறிவர்: நிலத்தின் மூலத்தை நிறுத்திவைத்து, அதன் விளைவை அறத்துக்கு அளிப்பது, அந்நிலம் விற்கப்படாது, ஈயப்படாது, வாரிசாகவும் செல்லாது. முன்னோர் குலத்துக்கென நிறுத்திவைத்த உயர் பூசாக்காவும் வக்பு போன்றதே. அது இறந்தவரின் தனியுடைமை அன்று. ஆகவே பங்கிடத் தக்கதும் அன்று என்பது அவர் கருத்து. ஒருவர் தாமே ஈட்டிய சொத்தோ, ஐயமின்றிப் பராயிள் முறைப்படிப் பங்கிடத்தக்கது. அவருடைய மைந்தரே ‘ஹம்கா’ எனப் புகழ்பெற்ற பேரறிஞர். 1908இல் பிறந்து 1981இல் மறைந்தவர்.

1952ஆம் ஆண்டு மே மாதம் புக்கிட்டிங்கி நகரில் உலமாப் பெருமக்களும், குலத்தலைவர்களும், கற்றறிந்தோரும் ஓரவையில் அமர்ந்தனர். உயர் பூசாக்கா வழக்காற்றின்படி நிற்கும், தேடிய சொத்து ஷரீஅத்தின்படிப் பங்கிடப்படும் என்று உடன்பட்டனர். 1968ஆம் ஆண்டு பாடாங்கில் கூடிய கருத்தரங்கும் இதனை வலியுறுத்திற்று. இம்முடிவை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். நாம் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாம் வியப்பது, அம்மக்கள் அவ்வினாவை மறைக்காமல் அவை நடுவே வைத்தார்களே, அதனைத்தான்.

நம் நாட்டின் கணக்கு

நம் அண்டையிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. பழைய சென்னை மாகாணத்தைச் சார்ந்த வடமலபாரில், கண்ணூர், தலைச்சேரி மாப்பிள்ளை முஸ்லிம்கள் தாய்வழித் தரவாடுகளில் வாழ்ந்தனர். 1918ஆம் ஆண்டு மாப்பிள்ளை வாரிசுரிமைச் சட்டம், ஒருவரின் தனிச்சொத்து இஸ்லாமிய முறைப்படிச் செல்லும் என்றது. 1939ஆம் ஆண்டு 17ஆம் சட்டம், தரவாட்டுச் சொத்தையும் பாகம் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. புக்கிட்டிங்கியில் அவை செய்த வேலையில் ஒரு பகுதியை இங்கே சட்டமன்றம் செய்தது.

நம் உள்நாட்டு உழவூர்களின் நிலைமை வேறு. இங்கே தாய்வழி மரபு இல்லை. நிலம் ஆண்மக்கள் கையில் நின்றது. 1873ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம், முஸ்லிம்களின் வாரிசு வழக்குகளில் முஸ்லிம் சட்டத்தையோ, சட்டத்துக்கு ஒப்பான வழக்காற்றையோ பின்பற்றுமாறு கூறிற்று. எனவே வழக்காறு என்று மெய்ப்பிக்க வல்லார்க்கு ஒரு கதவு திறந்திருந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அக்கதவை மூடிற்று. ஆயினும் ஒரு சாளரத்தை விட்டுவைத்தது. விளைநிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தமையால், விளைநிலம் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. உழவர் குடும்பத்துக்கு விளைநிலமே சொத்தெனில், மகளுக்குச் சட்டம் கொடுத்தது என்ன? 1949ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் 18ஆம் சட்டம் அவ்விலக்கையும் நீக்கிற்று. அன்று முதல் தமிழகத்து முஸ்லிம் மகளின் பங்கு வீட்டிலும் உண்டு, மனையிலும் உண்டு, நெல் வயலிலும் உண்டு. இதில் மத்ஹபுக்கு மத்ஹபு கருத்து மாறுபாடும் இல்லை.

அவ்வாறாயின் கூடுவாஞ்சேரியிலும் அதைப் போன்ற ஊர்களிலும் விடுதலைப் பத்திரம் எதற்கு? வாரிசு ஒருவர் தம் பங்கை மனமொப்பி விட்டுக்கொடுப்பதையோ, ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டு விலகுவதையோ மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் பங்கின் அளவை அறியாமலும், அண்ணன் வீட்டு வாசல் அடைபடுமோ என்னும் அச்சத்தாலும், கேட்டால் நாலு பேர் என்ன சொல்வர் என்னும் நாணத்தாலும் இடுகின்ற கையொப்பம் மனமொப்புதல் ஆகுமா? திருமணத்தில் கொடுத்த நகையும் சீரும் பங்குக்கு ஈடு என்பர் சிலர். உயிரோடிருக்கும் தந்தை மகளுக்கு மகிழ்ந்து கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைந்தபின் இறைவன் வகுத்தது பங்கு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்கும் கணக்குப் பராயிளில் இல்லை.

மினாங்கபாவ் மக்கள் பெண்ணுக்கு நிலம் கொடுத்தனர்; கொடுத்தது மார்க்கத்துக்கு இசையுமா என்று அஞ்சி, நூல் எழுதினர், வாதாடினர், அவை கூட்டினர். நாம் பெண்ணுக்கு நிலம் கொடாமல் விடுகின்றோம். விட்டது மார்க்கத்துக்கு இசையுமா என்று ஒருநாளும் அஞ்சுவதில்லை. அவர்களுடைய வழக்காறு பேசப்பட்ட வழக்காறு. நம்முடையது பேசப்படாத வழக்காறு. பேசப்பட்டதைத் திருத்தலாம், பேசப்படாததை எங்ஙனம் திருத்துவது?

அம்மக்களின் வாழ்விலிருந்து நாம் தாய்வழி மரபைக் கடன் வாங்க வேண்டுவதில்லை. அதிலும் குறைகள் உண்டு. தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே அது எழுப்பிய சுவரை அவர்களே சுட்டியுள்ளனர். நாம் கடன் வாங்கத்தக்கது அந்த அவையை. குடும்பத்தில் ஒருவர் மறைந்தபின், நாற்பது நாள் கழியுமுன், ஆண்மக்களும் பெண்மக்களும் ஒன்றாக அமரட்டும். ஆலிம் ஒருவரை அழைத்துக் கணக்கெழுதட்டும். கடனும் வஸிய்யத்தும் கழித்தபின் எஞ்சியது எவ்வளவு, அன்றைய மதிப்பு எவ்வளவு, மகளின் பங்கு எவ்வளவு என்பதை உரக்கச் சொல்லட்டும். அதைக் கேட்ட பின்னர் அவள் எடுத்துக்கொண்டாலும் அழகு; விட்டுக்கொடுத்தாலும் அழகு.

ஏரி நீர் பாய்ந்த அந்நிலங்களில் இனி நெல் விளையப் போவதில்லை. மண்ணின் விலை ஏற ஏற, அதைப் பற்றிய மௌனத்தின் விலையும் ஏறுகிறது. கடைசி மனையும் பதிவாகு முன்னர், கையொப்பத்துக்கு மட்டும் அழைக்கப்படும் சகோதரியைக் கணக்குக்கும் அழைப்போமாக. நம் அனைவர்க்கும் நீதியாக நடக்கும் நற்பேற்றை வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.